நொதியங்களும் பயிர்ச்செய்கையும்

நன்கு உலர்த்திச் சாக்கிலிட்டு வைத்த விதைநெல் மாதக்கணக்காக யாதொரு மாற்றமுமின்றிக் கிடக்கும். அதே நெல்லை ஒருநாள் நீரில் ஊறவைத்து, வடித்து, ஈரச்சாக்கினால் மூடிவைத்தால் இரண்டொரு நாளில் வெண்ணிற முளை வெளிப்படும். மணியினுள் இருந்த உணவு முன்னரும் அங்கே இருந்ததே. கமக்காரர் புதிதாகச் சேர்த்தது நீர் ஒன்றே. அவ்வாறாயின் இத்தனை காலம் உறங்கிய மணியைத் தொழிற்படச் செய்தது யாது?

மணியினுள் இருந்தனவும், நீர் பட்டபின் அங்கே புதிதாக உண்டாவனவுமான நொதியங்களே இவ்வேலையைச் செய்கின்றன. விதை முளைப்பது மட்டுமன்று. இலை வளர்வதும், இட்ட யூரியா பயிருக்கு உணவாவதும், பறித்த தக்காளி கனிவதும், பூச்சிநாசினி பூச்சியைக் கொல்வதும் நொதியங்களின் தொழிற்பாட்டோடு தொடர்புடையனவே. கமக்காரர் நொதியங்களை ஆக்குவதில்லை. ஆயினும் அவற்றுக்கு வேண்டிய நீர், வெப்பம், காற்று, கனியுப்புக்கள் என்பவற்றைக் கொடுக்கவோ தடுக்கவோ அவரால் முடியும். எவ்வேளையிற் கொடுப்பது, எவ்வேளையில் தடுப்பது என்பதை அறிந்து செய்தலே நற்செய்கையாகும்.

நொதியம் என்பது யாது?

உயிருள்ள ஒவ்வொரு கலத்தினுள்ளும் இரசாயன மாற்றங்கள் ஓயாது நிகழ்கின்றன. உணவு உடைக்கப்படுகின்றது, சக்தி வெளிப்படுகின்றது, புதிய இழையங்கள் கட்டப்படுகின்றன. இம்மாற்றங்கள் அனைத்தையும் சேர்த்து அனுசேபம் என்பர். இவை தாமாக நிகழ விடப்படின் மிக மெதுவாகவே நடைபெறும். உயிர் வாழ்வதற்கு அவ்வேகம் போதாது. இம்மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்களே நொதியங்கள். அவற்றுள் ஏறக்குறைய எல்லாம் புரதங்களாகும். ஒரு நொதியம் தன் வேலையைச் செய்து முடித்ததும் தான் அழிந்துபோவதில்லை. அடுத்த வேலையை உடனே தொடங்கும். ஆதலால் மிகச் சிறிய அளவு நொதியம் மிகப் பெரிய அளவு பொருளை மாற்றவல்லது.

ஒவ்வொரு நொதியத்துக்கும் உரிய வேலை ஒன்றுண்டு. பூட்டு ஒன்றுக்கு அதற்குரிய திறப்பே பொருந்துவதுபோல, நொதியமும் தனக்குரிய பொருளையே பற்றும் என்று 1894ஆம் ஆண்டில் யேர்மானிய இரசாயன அறிஞர் எமில் பிசர் எடுத்துக்காட்டினார். அரிசியில் உள்ள மாப்பொருளும் வைக்கோலில் உள்ள செலுலோசும் குளுக்கோசு என்னும் ஒரே வெல்லத்தினால் ஆனவையே. ஆயினும் அவ்வெல்லம் இரண்டிலும் வெவ்வேறு வகையாகக் கோக்கப்பட்டுள்ளது. மாப்பொருளை வெட்டும் அமிலேசு என்னும் நொதியம் செலுலோசை வெட்டாது. இதனாலேயே மனிதன் சோற்றைச் சமிக்கின்றான். வைக்கோலைச் சமிக்க அவனால் இயலாது. மாடு வைக்கோலை உண்டு வாழ்வது, அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் செலுலோசை உடைக்கும் நொதியத்தைச் சுரப்பதனாலாகும்.

நொதியம் முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்டதும் முளைத்த தானியத்திலிருந்தே. 1833ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிஞர்களான பாயன், பெர்சோ என்போர் முளைத்த வாற்கோதுமையிலிருந்து மாப்பொருளை வெல்லமாக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்குத் தயசுத்தேசு எனப் பெயரிட்டனர். 1897ஆம் ஆண்டில் எடுவாட் புக்னர் என்பவர் மதுவத்தை அரைத்துப் பிழிந்த சாறு, அதில் உயிருள்ள கலம் ஒன்றேனும் இல்லாதபோதும் வெல்லத்தை நொதிக்கச் செய்ததைக் கண்டார். நொதியம் தொழிற்பட உயிருள்ள கலம் இன்றியமையாததன்று என்பது இதனாற் புலனாயிற்று. அறுவடைக்குப் பின்னரும் விளைபொருள் மாற்றமடைவதன் காரணத்தை இவ்வுண்மை விளக்கும்.

விதைநெல் முளைக்கும் விதம்

நெல்மணியின் ஓர் ஓரத்தில் மிகச் சிறிய முளையம் உண்டு. மணியின் மற்றைப் பகுதியிற் பெரும்பங்கு மாப்பொருளாகும். அம்மாப்பொருளைச் சூழ அலூரோன் படை என்னும் மெல்லிய படை ஒன்று காணப்படும். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு செல்வது இப்படையே. மணி நீரை உறிஞ்சியதும் முளையம் கிபரெலின் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. அது அலூரோன் படையை அடைந்ததும் அங்கே அமிலேசு நொதியம் உண்டாகி மாப்பொருளினுட் செல்கின்றது. மாப்பொருள் வெல்லமாகின்றது. அவ்வெல்லத்தை உண்டே, பச்சை இலை விரியும்வரை முளை வளர்கின்றது. இக்கிபரெலினும் நெல்லைக்கொண்டே அறியப்பட்டது. நெற்பயிரை அளவுக்கு மீறி நெடிதாக வளரச்செய்யும் பங்கசு நோயொன்றை ஆராய்ந்த யப்பானிய அறிஞர் குரொசாவா, அவ்வளர்ச்சிக்குக் காரணம் பங்கசு சுரக்கும் ஒரு பொருளே என 1926ஆம் ஆண்டிற் காட்டினார்.

ஊறவைத்தலிலும் முளைகட்டலிலும் கைக்கொள்ளப்படும் முறைகள் யாவற்றுக்கும் இதிலிருந்து காரணம் காணலாம்.

முதலாவது, நீர். மணியின் உள்வரை நீர் சென்றாலன்றி நொதியம் தொழிற்படாது. ஆதலால் விதைநெல்லை ஏறக்குறைய 24 மணித்தியாலம் ஊறவைத்தல் வேண்டும்.

இரண்டாவது, காற்று. வெல்லத்திலிருந்து சக்தியைப் பெறுவதற்கு முளைக்கு ஒட்சிசன் தேவை. ஒட்சிசன் இருக்கும்போது ஒரு பங்கு வெல்லத்திலிருந்து கிடைக்கும் சக்தி, ஒட்சிசன் இல்லாதபோது கிடைப்பதிலும் பத்து மடங்குக்கு மேற்பட்டதாகும். பெரும்பாலான தானியங்கள் ஒட்சிசனின்றி முளைப்பதேயில்லை. நெல்லோ அந்நிலையிலும் அமிலேசை ஆக்கி, வெல்லத்தை மதுசாரமாக மாற்றி, கிடைக்கும் சிறிதளவு சக்தியைக் கொண்டு முளைக்கும். ஆனால் அப்போது குருத்துறை மட்டுமே வெண்மையாக நீளும், வேர் வளராது. நீர் தேங்கிய பள்ளத்தில் வீழ்ந்த நெல் வேரூன்றாது மிதந்து அழிவது இதனாலேயே. எனவே தொட்டியில் ஊறவைப்போர் நீரை இடையிடையே மாற்றுதல் நன்று. விதைத்த வயலை மட்டமாக்கி, தேங்கிய நீரை வடியவிடுதலும் இதன்பொருட்டேயாம்.

மூன்றாவது, வெப்பம். ஓர் எல்லைவரை வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயருந்தோறும் நொதியத்தின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆதலாற் குளிர் மிகுந்த மலைப்பகுதிகளில் முளைகட்டுவதற்குக் கூடிய நேரம் செல்லும். ஆனால் வெப்பம் அவ்வெல்லையைக் கடந்தால் நொதியத்தின் வடிவம் கெட்டுவிடும். முட்டையின் வெண்கருவை அவித்தபின் அதனை மீண்டும் நீராக்க முடியாததுபோல, வெப்பத்தாற் கெட்ட நொதியமும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. குவித்து மூடப்பட்ட முளைநெல் தானே சுவாசித்து வெப்பத்தை வெளிவிடும். குவியலின் நடுவில் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகும். குவியலினுட் கையை நுழைத்தபோது சுடுமாயின், அங்குள்ள விதை அழியத் தொடங்கியுள்ளது என்று அறிதல் வேண்டும். ஒரு போகத்துக்கென வைத்த விதைநெல் முழுவதும் ஓரிரவிற் கெட்டுவிடக்கூடும். ஆதலாற் குவியலை உயரமாக அமைத்தல் ஆகாது. இடையிடையே கிளறி, தண்ணீர் தெளித்து, காற்றுப் புகவிடுதல் வேண்டும்.

விதையைச் சேமித்து வைத்தல்

முளைகட்டும்போது வேண்டப்படும் நீரும் வெப்பமும் சேமிப்பின்போது பகையாகும். ஈரப்பதன் கூடிய விதையில் நொதியங்கள் மெல்லத் தொழிற்பட்டுக்கொண்டே இருக்கும். மணி தன் உணவைத் தானே உண்டு வலுவிழக்கும், வெப்பம் உண்டாகும், பூஞ்சணமும் வண்டும் பெருகும். விதைநெல்லின் ஈரப்பதன் 13 வீதத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். விதையின் ஈரப்பதன் ஒரு வீதம் குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது விதைநூலார் கண்ட பொதுவிதி. நன்கு உலர்த்திய விதையைச் சீமெந்து நிலத்தில் நேரே வைக்காது, பலகைமேல், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் அடுக்குதல் வேண்டும்.

அறுவடைக்காலத்தில் மழை பெய்து கதிரிலேயே நெல் முளைவிடுவதும் இதே நொதியத்தின் வேலையே. அத்தகைய நெல்லில் மாப்பொருளின் ஒரு பகுதி ஏற்கெனவே வெல்லமாகிவிட்டபடியால் அது விதைக்கு உதவாது, அரிசியாக்கும்போதும் நொறுங்கும். ஈரத்துடன் அறுத்த நெல்லைக் குவித்து வைக்காது, உடனே பரப்பி உலர்த்துதல் இன்றியமையாதது.

இலையும் பசளையும்

இலைகள் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து வெல்லமாக்குகின்றன. காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் வேலையைச் செய்வது உரூபிசுக்கோ எனப்படும் நொதியமாகும். அது மிகவும் மந்தமானது. அதன் ஒவ்வொரு தொழிற்படு நிலையமும் செக்கனுக்கு ஏறக்குறைய மூன்று மூலக்கூறுகளையே பிடிக்கவல்லது. ஆதலால் இலை அதனைப் பெருமளவில் ஆக்கி வைத்திருக்கின்றது. நெல்லிலையில் உள்ள நைதரசனில் ஏறக்குறையக் காற்பங்கு இந்நொதியம் ஒன்றிலேயே அடங்கியுள்ளது. நைதரசன் குறைந்த பயிர் வெளிறி, விளைச்சல் குன்றுவதன் காரணங்களுள் இது முக்கியமானது. எனினும் அளவுக்கு மேல் நைதரசன் இட்டால் இலை மென்மையாகி நோய்க்கும் பூச்சிக்கும் இரையாகும், பயிரும் சாயும்.

இனி, யூரியா இடும் முறையை நோக்குவோம். யூரியாவைப் பயிர் பெரும்பாலும் அப்படியே உண்பதில்லை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கும் யூரியேசு என்னும் நொதியம் அதனைச் சில நாட்களுள் அமோனியமாக மாற்றுகின்றது. வரலாற்றிற் பளிங்குருவாக முதன்முதலிற் பிரித்தெடுக்கப்பட்ட நொதியமும் இதுவே. வாளவரைக்கு இனமான ஓர் அவரை விதையிலிருந்து 1926ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சம்னர் இதனைப் பிரித்து, நொதியம் புரதமே என நிறுவினார். அதன்பொருட்டு 1946ஆம் ஆண்டில் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார்.

யூரியேசின் வேலை நிலத்தின் மேற்பரப்பில் நடைபெற்றால் உண்டாகும் அமோனியா காற்றோடு கலந்து வீணாகும். சுண்ணாம்புக்கல் கலந்த காரத்தன்மையுள்ள நிலங்களிலும், வெயில் மிகுந்த நாட்களிலும் இந்நட்டம் அதிகம். மரக்கறித் தோட்டங்களில் யூரியாவை மண்ணின்மேல் தூவி விட்டுவிடாது, மண்ணோடு கலந்து, உடனே அளவாக நீர் பாய்ச்சுதல் வேண்டும். வயலில் ஆழமாக நீர் நிற்கும்போது தூவினால், பகல்வேளையிற் பாசிகள் அந்நீரின் காரத்தன்மையை உயர்த்த, அமோனியா அங்கிருந்தும் வெளியேறும். நீரை வடித்துச் சேற்றில் இட்டபின் மீண்டும் நீர் கட்டுவதும், சிபார்சு செய்யப்பட்ட அளவைப் பல தடவையாகப் பிரித்து இடுவதும் இதனாலேயே வற்புறுத்தப்படுகின்றன.

நொதியங்களுக்குத் துணையாகும் கனியுப்புக்கள்

பல நொதியங்கள் ஓர் உலோகத்தின் துணையின்றித் தொழிற்படமாட்டா. வேண்டிய அளவு மிகச் சிறிது. ஆனால் அது இல்லையேல் வேலை நின்றுவிடும். நாகம் இதற்கு நல்ல உதாரணமாகும். காபனீரொட்சைட்டை நீரோடு சேர்க்கும் நொதியம் ஒன்று நாகத்தைக் கொண்டது. அதிவேகமானவற்றுள் ஒன்றான அது செக்கனுக்குப் பத்து இலட்சம் மூலக்கூறுகள்வரை மாற்றவல்லது. நெடுங்காலம் நீர் தேங்கி நிற்கும் வயல்களிலும் காரத்தன்மையுள்ள வயல்களிலும் நெற்பயிருக்கு நாகம் கிடைப்பது குறையும். நட்டு இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்குள் கீழிலைகளிற் கபிலநிறப் புள்ளிகள் தோன்றி, பயிர் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்திற் குன்றியும் நின்றால் நாகக் குறைபாட்டை ஐயுறலாம். அதற்கு மேலும் யூரியா இடுவதாற் பயனில்லை. மண்ணைச் சோதித்து ஆவன செய்தல் வேண்டும்.

மொலித்தனம் மற்றோர் உதாரணமாகும். வேரின் வழியாக ஏறும் நைத்திரேற்றைப் புரதமாக்கும் வழியில் முதற்படியைச் செய்யும் நொதியத்துக்கு இவ்வுலோகம் தேவை. அமிலத்தன்மை மிகுந்த மண்ணில் இது வேருக்கு எட்டாது. அப்போது பூக்கோவாவின் இலைப்பரப்புச் சுருங்கி, நடுநரம்பு மட்டும் சாட்டைபோல் நீளும். நைதரசன் இலையில் இருந்தும் பயன்படாது போகின்றது. இத்தகைய நிலத்துக்கு அளவாகச் சுண்ணாம்பிட்டால், மண்ணில் ஏற்கெனவே உள்ள மொலித்தனமே பெரும்பாலும் பயிருக்குக் கிடைக்கும்.

அறுவடைக்குப் பின்

பறித்த காயின் நொதியங்கள் பறித்தவுடன் ஓய்ந்துவிடுவதில்லை. காய் தொடர்ந்து சுவாசிக்கின்றது. தன் வெல்லத்தைச் செலவிடுகின்றது. தக்காளியின் கலச்சுவர்களை நொதியங்கள் கரைப்பதனால் அது கனிந்து மென்மையாகின்றது. வெப்பம் கூடியபோது இவ்வேலைகள் விரைவாக நடைபெறும் என்பது மேலே கூறப்பட்டது. ஆகவே காலையிற் பறித்து நிழலிற் சேர்த்த காய், நண்பகலிற் பறித்து வெயிலிற் கிடந்த காயிலும் பலமணி நேரம் கூடுதலாகப் புதுமை கெடாதிருக்கும்.

வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதை எல்லோரும் அறிவர். நொதியமும் அது தாக்கும் பொருளும் கலத்தினுள் வெவ்வேறு அறைகளிற் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. கத்தி பட்டதும் அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன; காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்ந்ததும் நிறம் மாறுகின்றது. வெட்டிய துண்டுகளைத் தண்ணீரில் இடுவது காற்றைத் தடுப்பதற்கேயாம். லொறியில் எறியப்பட்ட சாக்கினுள் நசுங்கிய காயிலும் இதுவே நிகழ்கின்றது. சந்தையை அடையும்போது கறுத்துப்போன காய்க்கு விலையில்லை. மரக்கறிகளைச் சாக்கில் திணிக்காது பெட்டிகளில் அடுக்கி அனுப்புதல் வருமானத்தைக் காக்கும்.

தவிட்டில் இலிப்பேசு என்னும் நொதியம் உண்டு. நெல்லைக் குற்றியதும் அது தவிட்டிலுள்ள எண்ணெயைத் தாக்கத் தொடங்கும். சில நாட்களிற் தவிடு காறல் மணம் பெறும். நெல்லைப் புழுக்கும்போது அந்நொதியம் வெப்பத்தால் அழிகின்றது. ஆகவே புழுங்கல் நெல்லின் தவிடு கூடிய காலம் கெடாதிருக்கும். கால்நடைக்குத் தவிடு வாங்குவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

நஞ்சும் நொதியமும்

பூச்சியின் நரம்புகளிற் செய்தியைக் கடத்துவது அசற்றைல்கோலீன் என்னும் பொருளாகும். செய்தி சென்று முடிந்ததும் அப்பொருளை ஒரு நொதியம் உடனே உடைத்துவிடும். ஒகனோபொசுபரசு, காபமேற்று என்னும் வகைகளைச் சேர்ந்த பூச்சிநாசினிகள் இந்நொதியத்தைப் பூட்டிவிடுகின்றன. செய்தி ஓயாது செல்ல, பூச்சி துடித்து இறக்கின்றது. மருந்தடிப்போர் அறியவேண்டியது யாதெனில், மனிதனின் நரம்பிலும் இதே நொதியமே உள்ளது என்பதாம்.

இந்நஞ்சு வாயினால் மட்டுமன்றித் தோலினாலும் மூச்சினாலும் உடலினுட் செல்லும். கண்மணி சுருங்குதல், பார்வை மங்குதல், வியர்வையும் உமிழ்நீரும் பெருகுதல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் என்பன அதன் அறிகுறிகள். இவற்றுள் எதுவேனும் தோன்றினால் நோயாளியை உடனே வயலினின்றும் அகற்றி, நனைந்த உடைகளைக் களைந்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டோடு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். வீட்டில் வைத்துப் பார்ப்பது உயிருக்கு ஆபத்தாகும்.

ஒகனோபொசுபரசு நஞ்சினால் முற்றாகப் பூட்டப்பட்ட நொதியத்துக்கு ஈடாக உடல் புதிய நொதியத்தை ஆக்குவதற்குப் பல நாட்கள், சிலவேளை பல கிழமைகள் செல்லும். இன்று சிறிதளவும் நாளை சிறிதளவுமாக நஞ்சு படின் இழப்பு ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும். நேற்று ஒன்றும் செய்யாத அளவு இன்று ஆளை வீழ்த்தக்கூடும். தினந்தோறும் கூலிக்கு மருந்தடிப்போர் இதனை மறத்தலாகாது.

இரண்டு மருந்துகளைத் தம் விருப்பப்படி கலத்தலும் ஆகாது. இலங்கை நெல்வயல்களிற் பல ஆண்டுகள் பாவிக்கப்பட்ட புரொப்பனில் என்னும் களைநாசினி, நெல்லைப் போன்ற புற்களைக் கொன்று நெல்லை விட்டுவைத்தது. நெல்லிலையில் அம்மருந்தை உடைக்கும் நொதியம் மிகுதியாக உண்டு. புல்லில் அது போதிய அளவு இல்லை. ஆனால் மேற்கூறிய பூச்சிநாசினிகளை அதனோடு கலந்தோ அடுத்தடுத்தோ தெளித்தால், அவை நெல்லின் நொதியத்தையும் தடுத்துவிடும். அப்போது களையோடு நெல்லும் கருகும். பெயர்ச்சீட்டில் அனுமதிக்கப்படாத கலவையைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நினைவிற் கொள்ளவேண்டியவை

1. விதைநெல்லை 13 வீத ஈரப்பதனுக்கு மேற்படாது உலர்த்திச் சேமிக்க.

2. ஊறவைக்கும் நீரை மாற்றுக. முளைகட்டும் குவியலைக் கிளறிச் சூட்டைத் தணிக்க.

3. யூரியாவை மண்ணோடு சேரும்படி, பல தடவையாகப் பிரித்து இடுக.

4. பயிர் வெளிறினால் நைதரசன் ஒன்றையே காரணமாகக் கொள்ளாது மண்ணைச் சோதிப்பிக்க.

5. மரக்கறிகளைக் குளிர்ந்த வேளையிற் பறித்து, நசுங்காது அனுப்புக.

6. மருந்தடிக்கும்போது உடலை மூடுக. கண்டபடி மருந்துகளைக் கலவாதொழிக.

நொதியங்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆயினும் அவற்றின் வேலையைக் குவியலின் சூட்டிலும் இலையின் நிறத்திலும் காயின் மென்மையிலும் கமக்காரர் நாள்தோறும் காண்கின்றனர். ஐயம் எழுமிடத்துத் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி ஆலோசனை பெறுதல் நன்மை பயக்கும்.